ஆளுக்கு ஒரு வசனம்

உங்கள் வீடுகளில் சாயங்கால ஜெபம் எப்படி நடந்ததோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது கபடிப் போட்டி மாதிரி நடந்தது. சிரிக்காதீர்கள். நீங்களும் என் வயதுக்காரிகள்தான், முழங்கால் மடங்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணுகிறவர்கள்தான். உங்களிடம் எனக்கென்ன கூச்சம்? சின்ன வயதில் ஜெபம் என்றாலே கொட்டாவி வந்த கதையைத்தான் எல்லாரும் சொல்கிறீர்கள். நான் அப்படி இல்லையம்மா. ஒரு மாம்பழ சீசன் முழுக்க, எப்போது விளக்கு வைப்பார்கள், எப்போது பாய் விரிப்பார்கள் என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாகத் துள்ளிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு விறுவிறுப்பு.

இப்போது நம் சங்கத்துப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் விடிவதற்குள் வசனங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் வசனம். யார் படிக்கிறோம்? கை கூப்பும் படத்தை ஒன்று போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போய்விடுகிறோம். அப்புறம் ஜெபம் பண்ணும்போது வழக்கமான பட்டியல்தான்: சர்க்கரை குறைய வேண்டும், பேரனுக்கு விசா கிடைக்க வேண்டும். நானும் அதே ரகம்தான். நைனா பார்த்திருந்தால் ஒரு முறை தொண்டையைக் கனைத்திருப்பார், அது போதும்.

நைனா என்றால் என் அப்பா. சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரி ஒன்றில் பாய்லர் பார்த்தார். அதிகம் பேச மாட்டார். பேசாத மனுஷன் கோபக்கார மனுஷன் என்று நாங்களே முடிவு கட்டி, அவரிடம் நேரே எதையும் கேட்க மாட்டோம். அவர் வீட்டில் நீளமாகப் பேசியது ஒரே ஒரு விஷயம்தான், அதையும் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை அதே வார்த்தைகளில் சொல்வார்.

“வேதம் படிக்கிறப்போ ஆண்டவர் நம்மாண்ட பேசறாரு. ஜெபத்துல நாம அவராண்ட பேசறோம். அவர் ஒண்ணு சொல்ல, நாம வேற ஒண்ணு சொன்னா அதுக்குப் பேரு பேச்சா?”

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு சாயங்காலத்துக்கு ஆளுக்கு ஒரு வசனம், அவ்வளவுதான் வாசிப்பு. உனக்கு எந்த வசனம் விழுந்ததோ அதை வைத்துத்தான் நீ ஜெபிக்க வேண்டும். அடுத்தவர் வசனத்தில் கை வைக்கக் கூடாது. ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் மூச்சுக் காட்டக் கூடாது. வாசிப்பு வீட்டில் சின்னவனிடம் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி வரும். ஜெபம் நைனாவிடம் தொடங்கி அதே பக்கமாகச் சுற்றும். இப்படிப் போனால் ஆதியாகமத்தைத் தாண்டவே ஒரு ஆயுசு பற்றாது என்று வந்தவர்கள் எல்லாம் கேலி செய்வார்கள். நைனாவுக்கு அவசரம் இல்லை.

வேதப்புத்தகம் ஒன்றுதான். கறுப்பு அட்டை, பக்க ஓரமெல்லாம் சிவப்பு. மடியில் வைத்தால் தொடை கனக்கும். சின்னவனால் தூக்க முடியாது. தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவான். அவன் என் தம்பி, அப்போதுதான் எழுத்துப் படித்திருந்தான். அந்த சீசனில் நைனா ஃபேக்டரியிலிருந்து வரும்போதே தெருமுனையில் வாசனை வந்துவிடும், சட்டை, தலைமுடி, செருப்பு எல்லாம் வெந்த மாம்பழம். ஒதுக்கித் தள்ளிய பெங்களூரா மாம்பழத்தைப் பை நிறையக் கொண்டு வருவார். நாங்கள் தின்றுவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் புத்தகத்தைத் தொடுவோம். அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கொடுப்பாள். அப்படியும் ஆதியாகமம் முழுக்க மஞ்சள் விரல் தடம். அந்தப் புத்தகம் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது, இன்றைக்கும் பழைய புத்தகக் கடையைப் பார்த்தால் நின்று அந்த சிவப்பு ஓரத்தைத் தேடுகிறேன்.

அந்த சீசன் தொடங்கும்போதுதான் அத்தை வந்தாள். நைனாவின் கூடப் பிறந்த அக்கா. ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தூக்குச் சட்டியுமாக இறங்கினாள். அவள் புருஷன் ரயில்வேயில் இருந்து காலமாகிவிட்டார். அந்த வேலை ஒரே மகனுக்குக் கிடைத்திருந்தது. வந்த அன்றைக்கே செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். என் அக்காவைத் தன் மகனுக்குக் கொடுக்க வேண்டும். அக்கா அப்போது இன்டர்மீடியட், அதுதான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

நைனா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெபம் பண்ணலாம் என்றார்.

இது என்ன பதில் என்று வெளியாட்கள் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் 'ஜெபம் பண்ணலாம்' என்றால் அது சரியும் இல்லை, இல்லையும் இல்லை. சம்பந்தம், வீடு கட்டுவது, பல் பிடுங்குவது, எல்லாவற்றையும் அதில்தான் ஊறப் போடுவோம். அத்தை அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். அம்மா அதைப் பாதி மறுப்பாக எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அக்காவை நர்ஸ் ட்ரெய்னிங்கில் சேர்க்க வேண்டும். வெள்ளை உடுப்பு, தலையில் மடிப்பு வைத்த தொப்பி, மாதாமாதம் சம்பளம். அத்தைக்கு மகனுக்குச் சோறு ஆக்கிப் போட ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் பெண் கேட்கிறாள் என்று அம்மா அடுப்படியில் என்னிடம் முணுமுணுப்பாள். நானும் அப்படியே நம்பினேன்.

ஆனால் நைனாவிடம் போய் இதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. அத்தைக்கும் தம்பியை நேரே நெருக்கப் பயம். அப்புறம் எங்கே பேசுவது? ஆண்டவரிடம்தான். ஜெபத்தில் சொன்னால் நைனா காதில் விழும், குறுக்கே பேசவும் முடியாது, பேசினவரைக் கோபிக்கவும் முடியாது. ஆரம்பமாயிற்று பாருங்கள் கூத்து!

அத்தை வந்தபோது நாங்கள் நோவாவின் பேழையில் இருந்தோம். மிருகங்கள் ஜோடி ஜோடியாகப் பேழைக்குள் போன வசனம் அத்தைக்கு விழுந்தது. விடுவாளா? கிருபையுள்ள பிதாவே என்று சபைத் தமிழில் தொடங்கி இரண்டாவது வரியில் வீட்டுத் தமிழுக்கு இறங்கி, மாட்டுக்கும் குருவிக்கும் கூட ஜோடி சேர்த்த ஆண்டவர் வயசுக்கு வந்த பிள்ளைகளை மறப்பாரா என்று கேட்டாள். அம்மா சளைத்தவளா? இரண்டு மூன்று நாள் கழித்து, வெளியே போன புறா கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வந்த வசனம் அம்மாவுக்கு. என் வீட்டுப் புறாவையும் கண்ட இடத்துக்கு அனுப்பித் திண்டாட விடாதேயும் ஆண்டவரே என்று ஒரு போடு போட்டாள். நான் கண்ணை மூடியது மாதிரி மூடி, இமை இடுக்கில் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் மூக்கு விடைத்தது.

ஆபிரகாமைப் பார்த்து உன் தேசத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு என்று ஆண்டவர் சொன்ன வசனம் அத்தைக்கே போய் விழுந்ததே, அன்றைக்கு அவள் ஜெபம் முடிவதற்குள் சோறு ஆறிவிட்டது. சோதோம் பக்கம் வந்தபோது லோத்தின் மனைவி உப்புத்தூணான வசனம் அம்மாவுக்கு. போன இடத்தில் உப்பாக நின்றுபோன பெண் பிள்ளைகளுக்காக அம்மா ஊரில் உள்ளவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து அழுதாள். பகலில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து மாங்காய் நறுக்கி உப்புப் போட்டு வெயிலில் காய வைப்பார்கள், அண்ணி இந்தாங்க, நீ சாப்ட்டியாம்மா என்று ஒரே குழைவு. விளக்கு வைத்ததும் இரண்டு பக்கமும் வரிந்து கட்டிவிடும்.

நைனா? பாய்லருக்காகவும் மழைக்காகவும் தன் வசனத்தை வைத்து இரண்டு வரி ஜெபித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

சரி, அக்கா? அவள் தன் வசனத்தைத் தெளிவாகப் படிப்பாள். ஜெபம் வந்தால், இந்த வசனத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென். அவ்வளவுதான். சில நாள் அதற்குள்ளேயே குரல் கம்மி மூக்கை உறிஞ்சுவாள். அத்தை, பொண்ணு வெட்கப்படுகிறது என்றாள். அம்மா, என் பிள்ளை உள்ளுக்குள் வெந்து சாகிறது என்றாள். இரண்டு பேரும் அவளுடைய மூக்குறிஞ்சலைத் தங்கள் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் அது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவும் இல்லை. அதுதான் ஜெபம் நடந்துகொண்டிருக்கிறதே!

சீசன் உச்சத்துக்கு வந்தபோது ஆதியாகமத்தில் நாங்கள் எங்கே வந்து நின்றோம் தெரியுமா? ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி வேலைக்காரனை அனுப்புகிற அதிகாரம். கிணற்றடி, ஒட்டகம், தண்ணீர் மொள்ள வரும் ரெபெக்காள், எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நீளமான அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமாக அது நாள் கணக்கில் ஓடியது, எங்கள் வீட்டுச் சம்பந்தப் பேச்சும் கூடவே ஓடியது. அத்தைக்கு முகமெல்லாம் பல். ஆண்டவரே பெண் பார்க்கிற அதிகாரத்தைத் திறந்துவிட்டார், இனி என்ன என்றாள். சனிக்கிழமை மகன் தன்னை அழைத்துப்போக வருகிறான், அன்றைக்கு ஒரு முடிவு சொல்லிவிடு என்று நைனாவிடம் ஒருவழியாகச் சொல்லியும் விட்டாள். நைனா தலையை ஆட்டினார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நைனா தன் அக்காவின் பேச்சை எதிலும் தட்டியதில்லை.

அன்று மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தபோது நான் புத்தகத்தை எடுத்து, கதை எப்படி முடிகிறது என்று முன்னால் ஓடிப் படித்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வேலைக்காரன் பெண்ணை உடனே அனுப்பச் சொல்கிறான், வீட்டார் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்கிறார்கள், இழுபறி. கடைசியில் அந்த வீட்டார் சொல்கிறார்கள்: பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம்.

ஐயோ, இது வேதத்திலேயே இருக்கிறதா! பெண்ணைக் கேட்கலாமா! இந்த ஒரு வசனம் மட்டும் அக்காவுக்கு விழுந்தால், ஆண்டவரே என்னையும் கேட்கச் சொல்லும் என்று அவள் ஜெபித்தே ஆக வேண்டும். சட்டம் சட்டம்தானே? நைனா வாயைத் திறக்க முடியாது. அப்புறம் அக்கா நர்ஸாகிவிடுவாள், அம்மா ஜெயித்துவிடுவாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வாசிப்பில் அது கடைசி ஆளுக்கு விழும். சின்னவனில் தொடங்குகிற சுற்றில் கடைசி ஆள் எப்போதும் நைனா. அக்கா எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவளை நைனாவுக்கும் சின்னவனுக்கும் நடுவே கொண்டுபோய்விட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை பாய் விரித்ததும் அக்கா உட்காருகிற இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தேன். கை தவறிவிட்டது என்றேன். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள். அக்கா பேசாமல் போய் நைனாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். குட்டு வலிக்கவே இல்லை! சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். சின்னவன், நான், அம்மா, அத்தை, நைனா, அக்கா. சொல்லி வைத்த மாதிரி அமைந்துவிட்டது.

நைனா புத்தகத்தைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி. ரேணிகுண்டா மாமா.

அத்தையின் மகனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சனிக்கிழமை வர வேண்டியவர் டூட்டி மாறியதால் முன்னாலேயே வந்துவிட்டார், பஸ் ஸ்டாண்டு கடையில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். சின்னவன் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கும் எனக்கும் நடுவில் உட்கார வைத்தான். என் கணக்கு மொத்தமும் ஓர் ஆள் தள்ளிப் போயிற்று. வாய்விட்டு அழாததுதான் குறை.

வாசிப்பு தொடங்கியது. வேலைக்காரன் தரையில் குனிந்து கர்த்தரைப் பணிந்த வசனத்தைச் சின்னவன் திக்கித் திக்கி முடித்தான். ரெபெக்காளுக்கு வெள்ளி, பொன் நகையும் உடுப்பும் கொடுத்த வசனம் போயும் போயும் ரேணிகுண்டா மாமாவுக்கு. காது மடல் சிவக்கப் படித்தார். அவர்கள் சாப்பிட்டுக் குடித்து ராத்தங்கிய வசனம் எனக்கு. அப்புறம் கேளுங்கள். பெண்ணின் தாய், பெண் எங்களோடே சில நாள் இருக்கட்டும் என்று கேட்கிற வசனம் அம்மாவுக்கு! அம்மா அதைப் படித்த மாதிரி எந்தப் போதகரும் படித்திருக்க மாட்டார். என்னைத் தடுக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள் என்று வேலைக்காரன் சொல்கிற வசனம் அத்தைக்கு! அவளும் விடவில்லை, ஒவ்வொரு சொல்லாக அழுத்தினாள். நான் பண்ணின திட்டத்தைவிட இது பெரிய திட்டமாக இருந்தது.

நைனா புத்தகத்தை வாங்கினார். பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலே கேட்போம் என்ற வசனம். பாதியில் குரல் இறங்கிவிட்டது. முடித்துவிட்டுப் புத்தகத்தை உடனே கொடுக்கவில்லை. இன்னொரு முறை வாய்க்குள்ளே படித்துப் பார்த்தார்.

அக்காவின் மடிக்குப் புத்தகம் போனது. ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்டார்கள். அவள், போகிறேன் என்றாள். அக்கா அதை வெறும் எழுத்தாகப் படித்து முடித்தாள். அத்தை கையைத் தட்டி ஸ்தோத்திரம் என்று உரக்கச் சொன்னாள். பாருங்கள், நம்மைப் போன்ற ஆட்களால்தான் இப்படித் தப்பாக எடுத்துக்கொள்ள முடியும். வசனம் விழுந்தது என்றால் பதில் விழுந்தது என்று அர்த்தம் அவளுக்கு. அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள் என்று அவள் தலை கவிழ்ந்ததிலேயே தெரிந்தது. ஆண்டவரே அக்காவின் வாயால் சொல்லிவிட்டார், முடிந்தது கதை.

ஜெபம். நைனா தொடங்க வேண்டும். எல்லாரும் கண்ணை மூடினோம். ரோட்டில் மாம்பழ லாரி ஒன்று போனது, அதன் சத்தம் அடங்கியதும் தொடங்கினார்.

“ஆண்டவரே, அந்த வூட்ல பொண்ணக் கூப்ட்டு கேட்டாங்க. நாங்க இந்த சீசன் பூரா உம்மாண்ட கேட்டுக்கினு கீறோம். பக்கத்துல குந்திக்கினு கீற பொண்ண ஒரு நாளும் கேக்கல. நானும் கேக்கல. நீர்தான் இப்போ கேக்கச் சொல்லிட்டீர்.”

ஆமென் வரவில்லை. நான் கண்ணைத் திறந்தேன். நைனாவும் திறந்திருந்தார்! ஜெபத்துக்கு நடுவில் அவர் கண் திறந்து நான் பார்த்ததே இல்லை. அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“சொல்லும்மா. இன்னாவா இருந்தாலும் சரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. பிறகு பேசினாள் பாருங்கள், எங்கள் வீட்டு ஜெபத்தில் அதுவரை யாருமே கேட்காத மாதிரி.

“ப்ரபுவா, நேனு வெள்ளனு. நாக்கு சதுவுகோவாலனி உந்தி.”

தெலுங்கு! ஆண்டவரே, நான் போக மாட்டேன், எனக்குப் படிக்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னாள். கடைத்தெருவில், ஃபேக்டரியில், பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க எல்லாரும் பேசுகிற பாஷைதான், ஆனால் பாயில் உட்கார்ந்தால் தமிழ்தான் என்று யாரும் சொல்லாமலேயே ஒரு வழக்கம். அக்கா ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்கு மீடியம். அவளுக்கு மனசு ஓடுவது அதில். தமிழில் ஸ்தோத்திரத்துக்கு மேல் அவளுக்கு வார்த்தை வராமல்தான் தினமும் தொண்டை அடைத்திருக்கிறது. வெட்கமும் இல்லை, வேகுவதும் இல்லை. அன்றைக்கு வெள்ளமாகக் கொட்டினாள். திருப்பதியில் பெண்கள் கல்லூரியில் சேர வேண்டும், தெலுங்கு இலக்கியம் படிக்க வேண்டும், தெலுங்கு டீச்சராக வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், நர்ஸ் வேலையும் வேண்டாம். அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எங்கள் பக்கமும் தோற்றுவிட்டது, ஆனால் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. அக்கா பிறகு திருச்சானூர் பக்கம் தெலுங்கு டீச்சராகவே இருந்து ரிட்டயர் ஆனாள். இன்றைக்கும் அவளோடு போனில் ஜெபித்தால் முதல் வரி தமிழ், மிச்சமெல்லாம் தெலுங்கு.

சுற்று நிற்கவில்லை. யார் அழுதாலும் நிற்காது, சட்டம். சின்னவன், வேலைக்காரனைப் போல எனக்கும் ஓர் ஒட்டகம் கொடும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டான். அடுத்தது ரேணிகுண்டா மாமா. நகையும் உடுப்பும் கொடுத்த வசனத்தை வைத்து அந்த மனிதர் என்ன ஜெபிப்பார்?

“ஆண்டவரே, என்னியும் யாரும் கேக்கல. நான் தூக்கிச் சுமந்த பொண்ணு இது. இத்த எப்படிக் கட்டிக்கிறதுன்னு நானும் தூங்காம கீறேன்.”

எனக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே அம்மா என் தொடையில் கிள்ளினாள். என் முறை வந்தது. அவர்கள் சாப்பிட்டுக் குடித்து இருந்த வசனத்துக்கு, எல்லாரும் சண்டை போடாமல் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லி முடித்தேன்.

அடுத்து அம்மா. அவள் வசனம், பெண் கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்பது. இத்தனை நாள் அந்த வசனத்துக்காகத்தான் காத்திருந்தாள், கைக்கு வந்தபோது சத்தம் எழும்பவில்லை. நானும் அவளைக் கேட்காமலேதான் அவளுக்காக மன்றாடினேன், மன்னியும் என்றாள். திருப்பதிக்கே போகட்டும், லீவுக்கு வந்து சில நாள் எங்களோடு இருக்கட்டும் என்றாள். அவ்வளவு சீக்கிரமாக அம்மா ஜெபத்தை முடித்ததில்லை.

மிச்சம் அத்தை. அவளுடைய வசனம், என்னைத் தடுக்காதீர்கள், அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் முன்னால் கை தட்டினவள். இப்போது எழுந்து பெட்டியைக் கட்டுவாள், இந்த வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்பாள் என்று நான் பயந்தேன். மாமா தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அத்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடினாள். கிருபையுள்ள பிதாவே என்று தொடங்கவில்லை. கர்த்தரிடம் பேசுகிறாளா எங்களிடம் பேசுகிறாளா என்றும் தெரியவில்லை.

“எனக்கு இன்னா வேணும்னு யாரும் கேக்கல, நானே சொல்லிடறேன். இவன் டூட்டிக்குப் பூட்டா அந்த குவார்ட்டர்ஸ்ல நான் ஒண்டிதான். விளக்கு வெச்சிட்டு இவன் வசனத்தையும் நானே படிக்கிறேன், என் வசனத்தையும் நானே படிக்கிறேன். ஜெபம் பண்ணா ஆமென் சொல்ல ஆளு இல்ல. அதுக்குத்தான் பொண்ணு கேட்டேன். என்னிய அங்க அனுப்பாதீங்க.”

சோற்றுக்கு ஆள் தேடுகிறாள் என்றுதானே நாங்கள் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம்? அத்தையின் அன்றைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். விளக்கு வைத்த பிறகு ஒரு வீட்டில் தன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆமென் என்றாள் அம்மா. நைனா சொல்வதற்கு முன்னாலேயே சொன்னாள். மடியிலிருந்த கையை எடுத்து அத்தையின் முழங்கால் மேல் வைத்தாள்.

“பொண்ணு திருப்பதிக்குப் பூட்டா இந்தப் பாயில ஒரு எடம் காலியாவுது அண்ணி. அதுல நீங்க குந்துங்க.”